மக்குப் பிள்ளையா? மக்கு வளர்ப்பா?

நம் நாட்டில் ஒரு பிள்ளை கணக்கில் தவறு செய்தால் கவனமில்லை என்கிறார்கள். கையெழுத்துக் கோணலாயிருந்தால் பழக்கமில்லை என்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வியைப் படித்து, அதிலுள்ள சொற்களைக் கொண்டு யோசித்து, காரணத்தோடு விடை சொல்லத் தடுமாறினால் மாத்திரம் உடனே "மக்கு" என்றும், "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்றும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பெற்றோரும் சொல்லுகிறார்கள், உபாத்தியாயரும் சொல்லுகிறார். கடைசியில் அந்தப் பிள்ளையே அதை நம்பிவிடுகின்றது. இந்த நம்பிக்கையைப் போன்ற கேடு வேறொன்றுமில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இது வெறும் பேச்சுக்காகச் சொல்லும் சங்கதியல்ல. அரசாங்கப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கென்று தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு என்று ஒன்று நடக்கின்றது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருஷத்திற்கு 12,000 ரூபாய். நான்கு வருஷத்திற்கு 48,000 ரூபாய். அதில் பாதிக் கேள்விகள், அதாவது 90 கேள்விகள், மனத்திறன் பற்றியவை. கொல்லனுக்கு இரும்பு எனில் குயவனுக்கு எது, இந்நான்கில் பொருந்தாதது எது என்கின்ற மாதிரியானவை. கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை இங்கே தடுக்கி விழுந்தால் பணம் போவது மாத்திரமல்ல, படிப்பே நின்றுபோகவும் கூடும்.

பிள்ளை இதில் திணறுகிறதென்று தெரிந்தவுடன் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? ஜாதகத்தைத் தூக்கிக் கொண்டு போய் வித்தைக்குரிய கிரகம் எங்கே இருக்கிறதென்று கேட்கிறார்கள். தாயத்துக் கட்டுகிறார்கள். பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடுத்து வருகிறார்கள். வித்தைக்கு ஒரு தெய்வம் என்று சொல்லி வருஷத்தில் ஒரு நாள் புஸ்தகங்களையெல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்து, அன்றைக்கு அவைகளைப் படிக்கவே கூடாதென்று விதிக்கிறார்கள்! படிக்காமலிருப்பதால் படிப்பு வருமென்று எண்ணும் பெரியவர்கள், பிள்ளைக்கு யோசனை போதாதென்று குறைபட்டுக் கொள்வது வேடிக்கையல்லவா?

உண்மையில் பிள்ளைக்கு யோசனை இல்லையா என்று பார்ப்போம். வாழை, மா, பலா, வேம்பு: இவற்றில் பொருந்தாதது எது என்று ஒரு கேள்வி வருவதாக வைத்துக் கொள்ளுவோம். முக்கனியில் சேராதது வேம்பு என்பது விடைத்தாளில் உள்ள விடை. ஒரு குடியானவன் வீட்டுப் பிள்ளை வாழை என்று எழுதுகிறான். தப்பு என்று அடித்துவிடுகிறார்கள். ஏன் அப்படி எழுதினாய் என்று யாராவது கேட்டிருந்தால், "மற்ற மூன்றும் வருஷக்கணக்காய் நிற்கிற மரம், வாழையோ ஒரு குலை தள்ளியவுடன் வெட்டுகிறோம்" என்று சொல்லியிருப்பான். இவனா மக்கு? இவன் யோசித்திருக்கிறான். கேட்பவர் மனதில் எந்த வகைப் பிரிவு இருக்கிறதென்பதுதான் இவனுக்குத் தெரியவில்லை. அது மூளைக் குறைவல்ல, பழக்கக் குறைவு. "எனில்", "ஒத்தது", "பொருந்தாதது" என்கின்ற சொற்களை எந்த வீட்டில் பேசுகிறார்கள்? வீட்டில் ஒரு தமிழும் கேள்வித்தாளில் வேறொரு தமிழும் இருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

இதை நாம் சும்மா சொல்லவில்லை. லூரியா என்னும் ருஷ்ய மனோதத்துவ நிபுணர் 1931-லும் 1932-லும் உஸ்பெகிஸ்தானுக்குப் போய், எழுத்தறியாத குடியானவர்களைச் சோதித்தார். பனி மூடிய தூர வடக்கில் கரடிகளெல்லாம் வெள்ளை, இன்ன ஊர் அந்த வடக்கில் இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம் என்று கேட்டார். நான் அங்கே போனதில்லை, போனவனைக் கேளுங்கள் என்கின்ற பாவனையிலேயே அனேகர் விடை சொன்னார்கள். ஆனால் அதே ஜனங்களில் கொஞ்ச காலம் பள்ளிக்கூடம் போனவர்கள் வெள்ளை என்று தயக்கமில்லாமல் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச காலத்துப் படிப்பு ரத்தத்தை மாற்றிவிட்டதா? கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் பழக்கமல்லவா மாற்றியது?

இது இவ்விதமிருக்க, புத்தி பரம்பரையாய் வருவது என்று சொல்லுகின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ன ஜாதிக்கு மூளை, இன்ன ஜாதிக்குக் கை என்று நெடுங்காலமாய்ப் பிழைத்தவர்களின் வாதம் இது. இந்த வாதத்தின் பிள்ளைதான் 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டு வந்த, பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்ற குலக்கல்வித் திட்டம். ஜனங்களின் எதிர்ப்பால் அது நிலைக்கவில்லை. 1954-ல் காமராஜர் முதல் மந்திரியானதும் கைவிடப்பட்டது. ஆனால் அந்த எண்ணம் கைவிடப்பட்டதா? "மக்கு" என்று உபாத்தியாயர் சொல்லும்போதெல்லாம் அது உயிரோடிருக்கின்றது.

மேல்நாட்டுச் சாட்சியைக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புத்திப் பரீட்சையை 1905-ல் பாரிசில் சைமனோடு சேர்ந்து உண்டாக்கிய பினே, உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியவே அதை உண்டாக்கினார். புத்தி ஒரே அளவில் நிலைத்திருப்பது, வளராது என்று சொன்னவர்களை அவரே கண்டித்தார். இங்கிலாந்தில் புத்தி பிறவிச் சொத்து என்று ஸ்தாபித்த சிரில் பர்ட் 1971-ல் இறந்த பிறகு, அவருடைய இரட்டைப் பிள்ளைக் கணக்குகளைப் பார்த்தார்கள். ஜோடிகளின் எண்ணிக்கை கூடக் கூட முடிவு மாத்திரம் மூன்றாம் தசம ஸ்தானம் வரை மாறாமலிருந்தது. 1970-களிலேயே அக்கணக்குகள் நம்பத்தகாதவையென்று ஒதுக்கப்பட்டன. மேலும், 1932 முதல் 1978 வரை அமெரிக்கர்களின் புத்திப் பரீட்சை மதிப்பு சுமார் 14 புள்ளி உயர்ந்ததென்று ஃப்ளின் என்பவர் 1984-ல் எடுத்துக் காட்டினார். ஒன்றிரண்டு தலைமுறைக்குள் ஒரு தேசத்தின் ரத்தமே மாறுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. காது மந்தமான பிள்ளை உண்டு. கண் தெரியாத பிள்ளை உண்டு. எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும் பேச்சைப் புரிந்து கொள்வதிலும் உண்மையான கோளாறுள்ள பிள்ளைகளும் உண்டு. அவர்களை டாக்டரிடத்திலும் பேச்சுப் பயிற்சியாளரிடத்திலும் சீக்கிரமே காட்ட வேண்டும், ஜோசியனிடத்திலல்ல. ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு ஜாதிக்கும் இன்னொரு ஜாதிக்கும் உள்ள வித்தியாசமாக ஆக்குவதுதான் மோசடி.

நிற்க, யோசனைக்கு முதல் விரோதி நம் வீடுதான். பிள்ளை பேச ஆரம்பித்த நாள் முதல் "ஏன்?" என்று கேட்கிறது. பெரியவர் சொன்னால் கேள், சாமி காரியத்தில் கேள்வி கேட்காதே, எதிர்த்துப் பேசாதே என்று வாயை அடைக்கிறோம். பெண் குழந்தையாயிருந்தால் கேட்கவே வேண்டாம். வாய் திறப்பதே குற்றம். பள்ளிக்கூடத்திலும் மனப்பாடம் ஒப்பித்தவனுக்கே மார்க்கு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் காரணம் கேட்பதையே பாவமாக்கி வளர்த்துவிட்டு, பதின்மூன்றாம் வயதில் காரணம் சொல்லத் தெரியவில்லையே என்று அழுவது, காலைக் கட்டிப்போட்டு வளர்த்த கன்று ஓடவில்லையே என்று அழுவதற்குச் சமானமாகும்.

பரிகாரம் ஒன்றும் செலவுள்ளதல்ல. எழுதப் படிக்கத் தெரியாத தாயாருங்கூடச் செய்யலாம். சமையலறையில் துவரை, உளுந்து, கடலை, மிளகு நான்கையும் வைத்து எது சேராதது, ஏன் என்று கேளுங்கள். சொன்ன பிறகு, வேறொன்று சேராததென்று சொல்ல வேறு காரணம் உண்டா என்று கேளுங்கள். விடுகதை போடுங்கள், பிள்ளையையும் போடச் சொல்லுங்கள். பத்திரிகையில் ஒரு சங்கதியைப் படிக்கச் செய்து சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். உபாத்தியாயர்கள் கேள்வித்தாள் தமிழை முதலில் வீட்டுப் பேச்சில் சொல்லிக் காட்டட்டும். தப்பு விடைக்கு மாத்திரமல்ல, சரியான விடைக்கும் "எப்படிக் கண்டாய்?" என்று கேட்டு, பிள்ளை யோசித்து முடிக்கும்வரை சும்மாயிருக்கட்டும்.

முக்கியமாய், பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது, சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லுங்கள். அதனால் பெரியவர் மானம் போய்விடாது. அந்தக் கேள்வி நாளைக்கு உங்கள் ஜாதியையும் சாமியையும் சடங்கையும் நோக்கித் திரும்புமேயென்று பயப்படுகிறீர்களா? திரும்பட்டும். அங்கே கேட்கக்கூடாதென்று தடுக்கப்பட்ட புத்தி, பரீட்சைத் தாளில் மாத்திரம் விழித்துக் கொள்ளாது. ஆதலால் பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் "மக்கு" என்கின்ற வார்த்தையை இன்றோடு விட்டுவிட்டு, பிள்ளையின் வாயைத் திறந்துவிட வேண்டுமென்று வற்புறுத்திக் கேட்டுக் கொள்ளுகின்றோம்.