சூரமங்கலத்தின் மனக்குறை

சேலம் ஜங்ஷனை ஒட்டி வளர்ந்த சூரமங்கலம் பகுதிக்கு 1958இல் தியாகராசர் பாலிடெக்னிக்கும் 1997இல் சோனா தொழில்நுட்பக் கல்லூரியும் வந்தன. 2007இல் சேலம் ரயில்வே கோட்டம் உருவானது. படிப்புக்கும் பிழைப்புக்கும் வெளியூரார் வரவர, வாடகை உயர்வும் வடமாநிலத் தொழிலாளர் வருகையும் நெடுநாள் குடியிருப்போரின் மனக்குறையாயின. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்தும் வேலை கிட்டாத குடும்பத்தின் வருத்தம் நியாயமானது. அதற்குக் காரணம் ரயிலில் வந்திறங்கும் கூலித் தொழிலாளி அல்ல. கல்விக் கட்டணமும் வேலைப் பஞ்சமுமே. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் கட்டண உதவியும் உண்டு. அவர்கள் உயர்கல்வியில் சேர்ந்தால், தமிழக அரசின் ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்கள் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. தனியார் பள்ளியில் படித்த எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவை எட்டுவதில்லை. அரசுக் கல்லூரி இடங்களைப் பெருக்குவதும் படிப்புக்கேற்ற வேலையை உள்ளூரிலேயே உருவாக்குவதுமே தீர்வு.