குதிரைக்கு உண்டு, குழந்தைக்கு?

சென்ற சீஸனில் ஊட்டிக்குப் போயிருந்தேன். கூடவே என் தமக்கையும் அவளுடைய ஏழு வயதுப் பெண்ணும். ஏரிக்கரையில், படகுத்துறைக்கு வெளியே, மட்டக் குதிரைகள் நிற்பதைக் கண்டதும் அந்தக் குட்டிப் பெண் படகை மறந்தாள், ஐஸ்கிரீமை மறந்தாள். குதிரைதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"பயப்படாதீங்கம்மா! நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே நடந்து வருவேன்" என்றார் குதிரைக்காரர்.

"விழுந்து வைத்தால்?" என்றாள் அக்கா.

"அதுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் இருக்குதும்மா."

"யாருக்கு? குழந்தைக்கா, குதிரைக்கா?"

மனிதர் கொஞ்சம் யோசித்தார். "குதிரைக்குத்தாம்மா" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "நீதான் பத்திரிகைக்காரனாச்சே, இதை விசாரித்துச் சொல்லேன்" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டாள். விசாரித்துத் தெரிந்துகொண்டதை அவளுக்கு மட்டும் சொல்வானேன்? மே மாதத்தில் மலை ஏறப் போகும் எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

குதிரைக்காரர் பொய் சொல்லவில்லை. நம் நாட்டில் மாட்டுக்கு இருப்பது போலவே குதிரைக்கும், மட்டக் குதிரைக்கும், கோவேறு கழுதைக்கும் பாலிஸி உண்டு. மத்திய அரசின் தேசியக் கால்நடை இயக்கத்தில், 2024-ஆம் ஆண்டில் செய்த மாற்றத்தின்படி, சொந்தக்காரர் பிரீமியத்தில் 15 சதவீதம் கட்டினால் போதும். மீதியை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன.

ஆனால் அந்தப் பாலிஸி எதற்காக? விபத்திலோ வியாதியிலோ குதிரை இறந்துபோனால், சொந்தக்காரருக்கு நஷ்டம் வராமல் இருப்பதற்காக. குதிரை சவாரி போகும்போது விபத்து நேர்ந்தாலும் சரி, ஒருவர் கயிறு பிடித்து நடத்திப் போகும்போது நேர்ந்தாலும் சரி, அந்த வகையில் பேதமில்லை. பாலிஸியில் சொன்ன வேலையை விட்டு வேறு வேலைக்குப் பயன்படுத்தினாலும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினாலும், கவனிக்காமல் விட்டாலும்தான் கம்பெனிக்காரர் கையை விரிப்பார். பொழுது சாய்ந்ததும் கடைத்தெருவில் காய்கறிக் கழிவைத் தின்னும்படி குதிரையை அவிழ்த்து விடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் குதிரை ஒரு குழந்தையைத் தள்ளிவிட்டால்? வழியில் போகிறவரை உதைத்தால்? அதற்கு இந்தப் பாலிஸியில் ஒரு பைசா கிடையாது. பிறருக்கு உண்டாகும் சேதத்துக்குத் தனிப் பாலிஸி வேண்டும். ஊட்டி ரஸ்தாவில் ஓடும் ஆட்டோவுக்கு அது கட்டாயம். 1908-ல் ரயில் ஊட்டிக்கு வந்து சேருவதற்கு முன்பே மலை ஏறிவிட்ட குதிரைக்குக் கட்டாயமில்லை! இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ஹார்ஸ் ஸொஸைட்டியின் தங்க அங்கத்தினராகச் சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பும் கூடவே வருகிறது.

அதற்காக நம் ஊரில் கேள்விமுறையே இல்லை என்று எண்ண வேண்டாம். பிராணியை அஜாக்கிரதையாக வைத்திருப்பவருக்கு, பாரதிய நியாய சம்ஹிதை 291-வது பிரிவின்படி, ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. நஷ்ட ஈடு கேட்டுச் சிவில் கோர்ட்டுக்கும் போகலாம். ஆனால், நாள் முழுவதும் நடந்து பிழைக்கும் மனிதரிடம் வழக்கில் ஜயித்து எதை வாங்குவது?

ஆகவே, குழந்தையின் பத்திரத்தை நம் வீட்டிலேயே தேட வேண்டும். குடும்பத்துக்கு மருத்துவ பாலிஸி இருக்கிறதா? அதில் விலக்குகளின் பட்டியலில் 'குதிரைப் பந்தயம்' என்று கண்டு பயந்துவிடாதீர்கள். அந்த விலக்கு, அதைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு. ஏரிக்கரையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து வரும் குழந்தை ஜாக்கி அல்லவே! இருந்தாலும், புறப்படுமுன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். தலைக்கவசம் கேளுங்கள். சேணத்தின் வார் இறுகியிருக்கிறதா, கால் அங்கவடிக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். குதிரையை நடத்துகிறவர் அதைத் தமக்கு இடப்புறம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கிலாந்துச் சாலை விதி. சாலையின் இடது ஓரமாகப் போகும்போது, வண்டிகளுக்கும் குதிரைக்கும் நடுவே மனிதர் இருப்பார். நம் ஊரிலும் வண்டிகள் இடப்புறம்தானே போகின்றன? அந்த விதி நமக்கும் பொருந்தும்.

நடுவே இருப்பவர் மனிதர் என்றேன். அங்கேதான் எனக்கு உறைத்தது. சவாரி முடிந்து குழந்தை சிரித்துக்கொண்டே இறங்கியதும் அக்கா, "குதிரைக்கு இருக்கிறது, சரி. உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா? நான் தரையிலேதானே இருக்கேன்!" என்றார் அவர்.

தரையில் இருப்பவர்தான் மிதிபடுகிறவர், உதைபடுகிறவர், மழையில் சறுக்கும் சாலையில் வண்டிக்கு முதலில் எதிர்ப்படுகிறவர். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் பாங்குக் கணக்கின் மூலம் வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் மரணமோ முழு ஊனமோ நேரும்போது இரண்டு லட்ச ரூபாய் கிடைக்கிறது. குதிரையின் ஒரு நாள் தீனிச் செலவில் சிறு பங்குகூட இல்லை.

அக்கா அதை அவரிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னாள், எழுதிக் கொடுத்தேன். அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த குழந்தையைத் தூக்கிச் சேணத்தில் உட்கார வைத்தார்.