வீட்டோட டூர் போனா வீட்டு வேலையும் கூடவே வரும்!

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ஆறு மாசம் இருப்பாங்க, மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்து எங்கயாவது போலாமான்னு இந்த வருஷம் மட்டும் நாலு நண்பர்கள் கேட்டாச்சு. அமெரிக்காவுல கோடை வந்தா நம்ம மக்களுக்கு இந்த ஆசை வர்றது சகஜம்தான். எல்லாருக்கும் தனித்தனியா போன்ல சொல்லி வாய் வலிக்குது. அதனால இந்தப் பதிவு. :-)

முதல்ல தீர்ப்பைச் சொல்லிடறேன், காரணம் அப்புறம். நீங்க, தங்கமணி, ரெண்டு பசங்க மட்டும்னா எடுக்காதீங்க. மினிவேனும், சமையலறை உள்ள கேபினும் போதும். கூட வயசான அப்பா அம்மா வர்றாங்கன்னா கட்டாயம் எடுங்க, கடன் வாங்கியாவது ஒரு தடவை எடுங்க. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. அது கடைசில.

"ஓட்டல் காசு மிச்சம், சாப்பாட்டு காசு மிச்சம்"னு சொல்லிக்கிட்டு கிளம்பறவங்க முதல்ல கணக்குப் போடுங்க. 2023 ஜூலைல நாங்க சால்ட் லேக் சிட்டில வண்டி எடுத்து, கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் பார்த்துட்டுத் திரும்பினோம். மொத்தம் 900 மைல் சொச்சம். வண்டி ஒரு காலனுக்கு 9 மைல் கொடுத்தது. அதாவது 100 காலன் பெட்ரோல். மினிவேன்னா 36 காலன்ல முடிஞ்சிருக்கும். நாள் வாடகை போக, மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டருக்கு மணிக்கு இவ்வளவு, பாத்திரத்துக்குத் தனி, படுக்கை விரிப்புக்குத் தனி, காப்பீட்டுக்குத் தனின்னு பில் நீளும். நம்ம சொந்தக் கார் காப்பீடு பெரும்பாலும் இதுக்குச் செல்லாது, கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. ராத்திரி நிறுத்தற இடத்துக்கும் வாடகை உண்டு. காசு மிச்சம்ங்கறதை மறந்துடுங்க.

சரி, அப்புறம் எதுக்கு எடுக்கணும்? ரெண்டே காரணம்தான். கழிப்பறை, சமையலறை.

சிரிக்காதீங்க. எங்க அப்பாவுக்கு 74 வயசு. சர்க்கரை இருக்கு, புராஸ்டேட் தொந்தரவும் இருக்கு. கார்ல நீளப் பயணம்னா காலைலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டார். ஏன்னு கேட்டா "தாகமில்லப்பா"ம்பார். உண்மையான காரணம், மணிக்கொரு தரம் மருமக முன்னாடி "வண்டிய நிறுத்து"ன்னு கேக்கக் கூச்சம். வெயில் காலத்துல அந்த வயசுல தண்ணி குடிக்காம இருந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. மோட்டார் ஹோம்ல அஞ்சு நாளும் பாட்டிலைக் கைல வச்சுக்கிட்டுத் தண்ணி குடிச்சுக்கிட்டு வந்தார். எனக்கு இந்த ஒண்ணே போதும், மத்த கணக்கெல்லாம் அடிபட்டுப் போச்சு.

ஆனா ஒரு தப்பான நெனப்பு நிறைய பேருக்கு இருக்கு. வண்டி ஓடும்போதே எழுந்து போய் டாய்லெட் போலாம், கட்டில்ல படுக்கலாம்னு. கூடாதுங்க. ஓடும்போது எல்லாரும் பெல்ட் போட்டு உக்காரணும், சடன் பிரேக் போட்டா நிக்கறவங்க பறப்பாங்க. அடுத்த எக்ஸிட்ல இறங்கி, எந்தக் கடை வாசலா இருந்தாலும் ஓரமா நிறுத்தினா போதும். யார்கிட்டயும் சாவி கேக்க வேணாம், வரிசைல நிக்க வேணாம். அதுதான் சௌகரியம்.

அடுத்தது சமையலறை. அம்மா வெளில சாப்பிட மாட்டாங்க. முட்டை போட்டிருக்கா, அதே எண்ணெய்ல மாமிசம் பொரிச்சாங்களான்னு சந்தேகம் தீராது. அப்பாவோட இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் வேணும். ரெண்டும் வண்டிக்குள்ளயே இருக்கு. ஒரு குறிப்பு: பிரஷர் குக்கரை மறக்காம எடுத்துட்டுப் போங்க. யெல்லோஸ்டோன் ஏரி கடல் மட்டத்துலேர்ந்து 7,700 அடிக்கு மேல. அந்த உயரத்துல தண்ணி 92 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சுடும், திறந்த பாத்திரத்துல பருப்பு வேகவே வேகாது. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுங்க, இல்லேன்னா கடுகு வெடிக்கறதுக்கு முன்னாடி புகை அலாரம் கத்தும்.

வண்டி ஓட்டறது பத்தி நிறைய எழுதப் போறதில்ல. சாதாரண கார் லைசென்ஸ் போதும். 25, 30 அடி நீளம், 12 அடி உயரம். திரும்பும்போது பின்பக்கம் எதிர்ப்பக்கமா வீசும், பெட்ரோல் பங்க் கூரையைப் பார்த்து நுழையணும். முக்கியமா, போற பாதை இந்த வண்டியை ஏத்துக்குமான்னு புக் பண்றதுக்கு முன்னாடியே பாருங்க. கிளேசியர் பார்க்ல கோயிங் டு தி சன் சாலையோட நடுப்பகுதில 21 அடிக்கு மேல நீளமான வண்டிக்கு அனுமதி இல்ல. ஸயான் பார்க் சுரங்கப்பாதை 1930-ல திறந்தது, அந்தக் காலத்துக் காருக்குக் கட்டினது, அங்கயும் பெரிய வண்டிக்குக் கட்டுப்பாடு உண்டு.

தங்கற இடத்தை முன்கூட்டியே பிடிச்சுடுங்க. யெல்லோஸ்டோன் உள்ள கரண்ட், தண்ணி, கழிவுநீர் இணைப்பு மூணும் கிடைக்கறது ஃபிஷிங் பிரிட்ஜ்ங்கற ஒரே இடத்துல. அங்க கரடி நடமாட்டம் அதிகம், அதனால கூடாரம் போட விட மாட்டாங்க, கெட்டியான சுவர் உள்ள வண்டி மட்டும்தான். (பேரு ஃபிஷிங் பிரிட்ஜ், ஆனா அந்தப் பாலத்துலேர்ந்து மீன் பிடிக்க 1973-லேர்ந்தே தடை!) சமைச்ச பாத்திரத்தை வெளில வச்சுட்டு வராதீங்க, கரடி வந்து தேய்ச்சுக் கொடுக்காது. :-)

இப்ப அந்த நிபந்தனைக்கு வர்றேன். ரங்கமணிகளே, இது உங்களுக்கு.

வீட்டையே தூக்கிக்கிட்டுப் போறோம்ல, வீட்டு வேலையும் கூடவே ஏறிக்கும். நான் பார்த்த பல குடும்பங்கள்ல இதுதான் கதை. எல்லாரும் வெளில மடக்கு நாற்காலி போட்டு மலையைப் பார்த்துக்கிட்டிருப்பாங்க. உள்ள ஆறடி இடத்துல அம்மாவும் தங்கமணியும் இடிச்சுக்கிட்டு ஆறு பேருக்குச் சப்பாத்தி போட்டுக்கிட்டிருப்பாங்க. ஓட்டல்ல தங்கினா குறைஞ்சபட்சம் சமையல் லீவாவது கிடைச்சிருக்கும், இங்க அதுவும் போச்சு. ஊருக்குத் திரும்பி "டூர் எப்படி இருந்தது"ன்னு யாராவது கேட்டா "நல்லா இருந்தது"ன்னு சொல்லுவாங்க. என்ன பார்த்தாங்கன்னு கேட்டுப் பாருங்க, தெரியும்.

அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே நாங்க எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டினோம். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சமையல், அதுவும் குக்கர்ல ஒரே சாதம். மத்த வேளைக்கு பிரெட், பழம், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி. பாத்திரம் நானும் பையனும். படுக்கை மடிக்கறது பொண்ணு. கழிவுத் தொட்டியைக் காலி பண்றது நான் மட்டும். முதல்ல டாய்லெட் தொட்டி, அப்புறம் குளிச்ச தண்ணித் தொட்டி, அதே குழாய் அலசின மாதிரி ஆயிடும். கையுறை போட்டுக்கிட்டா பத்து நிமிஷ வேலை, சினிமாவுல காட்டற அளவுக்குப் பயங்கரம் ஒண்ணுமில்ல.

அம்மாவுக்கு இது பிடிக்கலை. "ஆம்பளைப் புள்ள பாத்திரம் தேய்க்கறதை இத்தனை பேர் பார்க்கறாங்களே"ன்னாங்க. தங்கமணிதான் "அத்தை, அவங்க வீட்லயும் அதான் நடக்குது, வாங்க போலாம்"னு கையைப் பிடிச்சு ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனா. ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாங்க. என்ன பேசினாங்கன்னு எங்கிட்ட சொல்லவேயில்ல. நானும் கேக்கலை.

அப்பா அம்மா வருஷா வருஷம் வரப் போறதில்ல. முட்டி வலி, இருபது மணி நேர விமானம், விசா எல்லாம் சேர்ந்து ஒரு நாள் "இனிமே நீங்களே வந்துட்டுப் போங்கப்பா"ன்னுடுவாங்க. அதுக்கு முன்னாடி எடுங்க. ஆனா சிங்க்ல முதல்ல நீங்க நில்லுங்க. அது முடியாதுன்னா பேசாம ஓட்டல்லயே ரூம் போடுங்க, அம்மாவாவது கொஞ்சம் உக்காருவாங்க.