பசார் மலாய் மட்டும் போதுமா?



"மலாய் தெரியுமா?" என்று நம் மக்களிடம் கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். "என்னங்க இப்படிக் கேக்குறீங்க? பொறந்ததிலேருந்து பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்! பசார்ல மீன் வாங்கலியா? கம்பத்துக்காரங்களோட பழகலியா?" என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அதே ஆளிடம் நிருவாகத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றை நீட்டிப் பாருங்கள். சிரிப்பு நின்றுவிடும். "பையன் வரட்டும், படிச்சுச் சொல்லுவான்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். பையனோ தீவுப் பக்கம் வேலை செய்கிறான். வர இரண்டு வாரம் ஆகும்.

இந்த நாட்டில் மலாய் நமக்கு இரண்டு மொழியாக இருக்கிறது. ஒன்று பசார் மலாய். அது காதால் வந்தது. நாமும் அறியாமலே கற்றுக்கொண்டோம். இன்னொன்று கடித மலாய். ஆபீசிலும் இலாகாவிலும் ஆஸ்பத்திரி பாரத்திலும் இருப்பது அதுதான். நம்மில் பலருக்கு இந்த இரண்டாவது மலாய் இன்றைக்கும் அந்நிய மொழியாகவே இருக்கிறது. முதலாவது தெரிந்திருப்பதால் இரண்டாவதும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சொல்லைப் பாருங்கள். 'பெர்ஹெந்தி' என்றால் நிற்பது. வேலை விஷயத்தில், தானாக வேலையை விட்டு நிற்பது. அதன் முன்னே 'டி'யும் பின்னே 'கானு'ம் சேர்ந்து 'டிபெர்ஹெந்திக்கான்' என்று வந்தால், நிருவாகம் நம்மை நிறுத்திவிட்டது என்று பொருள். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். சட்டத்தின் முன் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தன் குற்றம் எதுவுமின்றி ஆட்குறைப்பில் நிறுத்தப்படும் தொழிலாளிக்கு நஷ்ட ஈடு உண்டு. ஓராண்டுக்குக் குறையாமல் வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு உட்பட்டவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 15 நாள். அதற்கு மேல் 20 நாள். இருபது வருஷம் உழைத்தவருக்குக் கணக்குப் போட்டால் 400 நாள் சம்பளம் வருகிறது. ஆனால் 'செச்சாரா சுக்காரெலா', அதாவது 'சுய விருப்பத்தின் பேரில்' வேலையை விடுகிறேன் என்ற தாளில் கையெழுத்து விழுந்துவிட்டால், இந்த உரிமை போய்விடும். இரண்டே சொல்லில் 400 நாள் உழைப்பு!

நாள் கணக்கும் இருக்கிறது. காரணமில்லாமல் வேலை நீக்கம் செய்தார்கள் என்று நினைக்கும் தொழிலாளி, 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாட்களுக்குள் மனுச் செய்துகொள்ள வேண்டும். செபராங் ஜெயாவுக்கு அப்பால் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்த ஒரு தாய் நம்மிடம் கடிதத்தைக் கொண்டுவந்தபோது 71 நாள் ஆகியிருந்தது. சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாராம். மீன்காரனிடம் மலாயில் பேரம் பேச அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த ஒரு பக்கக் கடிதத்தைப் படிக்கத்தான் முடியவில்லை. "இன்னும் பதினோரு நாளு முன்னாடி வந்திருக்கலாமே ஆத்தா" என்று சொல்வதைத் தவிர நம்மிடம் வார்த்தை இல்லை.

குடியுரிமை விஷயமும் இப்படித்தான். மனுச் செய்து குடியுரிமை பெறுகிறவருக்குப் போதுமான மலாய்மொழி அறிவு வேண்டும் என்று அரசியலமைப்பின் 19ஆம் விதி சொல்கிறது. நேர்காணலில் என்ன கேட்பார்களோ என்ற பயத்தினாலேயே மனுப் போடாமல், சிவப்பு அடையாள அட்டையோடு காலத்தை ஓட்டிய பெரியவர்கள் எத்தனை பேர்! 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றானபோது, தோட்டத்து லயங்களில் எழுந்த கலக்கத்தை நம் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

ஆக, கற்க வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. தொடங்கவும் செய்கிறோம். தீபாவளி கழிந்ததும் நோட்டுப் புத்தகம் வாங்குகிறோம். ஒரு வாரம் எழுதுகிறோம். பொங்கலுக்குள் அந்த நோட்டில் சீட்டுக் கணக்கு ஏறிவிடுகிறது. ஏன் இந்த ஊக்கம் நிலைப்பதில்லை?

முதல் காரணம், ஒரேயடியாகக் கற்றுவிட நினைப்பது. பால் வெட்டுகிறவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம்தான் மிஞ்சும், பால் கூடாது. மெல்லிசாகப் பட்டையைச் சீவி, மங்கைத் துடைத்து வைத்து, முறை தவறாமல் போனால்தான் மரம் கொடுக்கும். மொழியும் அப்படித்தான். ஒரு நாளைக்கு இரண்டு சொல் போதும். ஆனால் அந்த இரண்டு சொல் தவறக்கூடாது.

இரண்டாவது காரணம், நமக்கு வேண்டாத பாடத்தைப் படிப்பது. 'இது பூனை, அது பந்து' என்ற பிள்ளைகள் பாடத்தை ஐம்பது வயதுக்காரர் எத்தனை நாள் படிப்பார்? உங்கள் சம்பளச் சீட்டை எடுங்கள். சேமநிதிக் கடிதத்தை எடுங்கள். உங்களுக்குப் பாடப்புத்தகம் அதுதான். 'காஜி' சம்பளம், 'பொத்தோங்கான்' பிடித்தம், 'சாருமான்' சந்தா, 'சூத்தி' விடுமுறை, 'பாம்பாசான்' நஷ்ட ஈடு, 'பெர்சாராஆன்' பணி ஓய்வு, 'துஞ்சுக் செபாப்' காரணம் கேட்டு அனுப்பும் கடிதம், 'தண்டாதாங்ஙான்' கையெழுத்து. இந்த எட்டுச் சொல் தெரிந்தாலே கடிதத்தின் போக்குப் பிடிபட்டுவிடும். தன் காசு சம்பந்தப்பட்ட சொல்லை எவரும் லேசில் மறப்பதில்லை.

மூன்றாவது காரணம் வெட்கம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விரோதி. "இந்த வயசுல தப்பாப் படிச்சா பேரப்புள்ள சிரிக்குமே!" சிரிக்கட்டும். சிரித்துவிட்டுத் திருத்தித்தானே சொல்லும்? தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஒன்றாம் ஆண்டிலிருந்தே மலாய் படிக்கிறார்கள். வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது வெளியே தேடுவானேன்? சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கடிதத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் படிப்பு, உங்களுக்கும் படிப்பு.

நான்காவது, தனியாகப் படிப்பது. மூன்று பேர் சேர்ந்தால் ஒருவர் சோர்ந்தாலும் இன்னொருவர் இழுத்துக்கொண்டு போவார். தோட்டத்துக் கோயில் மண்டபம் இருக்கிறது. பினாங்கு பொது நூலகக் கழகத்தின் தலைமை நூலகம் நம் செபராங் ஜெயாவில்தான் இருக்கிறது. புத்தகமும் பேப்பரும் விரித்துப் படிக்க அதைவிட நல்ல இடம் ஏது? பசார் மாலாமுக்கு வருகிற நாம் அங்கே நுழையக் கூச்சப்படத் தேவையில்லை.

கடினமான மொழி என்று பயப்படவும் வேண்டாம். ரூமி எழுத்து 26தான். ஓரிரண்டு இடம் தவிர, எழுதியபடியே படிக்கலாம். தமிழில்போல நான் வந்தேன், அவள் வந்தாள், அவர்கள் வந்தார்கள் என்று வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. இன்னொன்று, அந்த மொழியில் நம் மொழியும் கலந்திருக்கிறது. கடைதான் 'கெடாய்'. கப்பல்தான் 'காப்பால்'. பெட்டி அங்கேயும் 'பெத்தி'. கட்டில் 'காத்தில்', முதல் 'மொடால்', கழுதை 'கெல்டாய்', கோயில் 'குயில்'. தோட்டம் திறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வந்த தமிழ் வணிகர்கள் விட்டுச் சென்ற சொற்கள் இவை. அவர்களுடைய சரக்குப் போய்விட்டது, சொல் நின்றுவிட்டது.

"மலாயை வளர்த்தால் தமிழ் தேய்ந்துவிடாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. மலாய் தேசிய மொழி என்று சொல்லும் அரசியலமைப்பின் 152ஆம் விதியே, மற்ற மொழிகளைக் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் தடை கூடாது என்றும் சொல்கிறது. தாய்மொழியில் அழுத்தமாக நிற்பவனுக்கு இன்னொரு மொழி இன்னொரு கைதான். கடிதம் படிக்கத் தெரியாமல் ஏமாந்து நிற்பதனால் தமிழ் வளர்ந்துவிடப் போவதில்லை.

வேறு சிலர், "நிருவாகமே தமிழில் எழுதிக் கொடுக்கட்டுமே" என்கிறார்கள். கேட்க வேண்டியதுதான், நாமும் கேட்கிறோம். கையெழுத்து வாங்குமுன் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் விளக்கிச் சொல்வது நிருவாகத்தின் கடமை என்பதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் விளக்கிச் சொல்கிறவர் சரியாகத்தான் சொல்கிறாரா என்று பார்க்கவும் நமக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒரு காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே பிறந்து, தோட்டத்துக்குள்ளேயே முடிந்துபோனது நம் வாழ்க்கை. கிராணி சொன்னதே சட்டமாக இருந்தது. இன்று பிறையைச் சுற்றிலும் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன. 1985இல் பாலம் திறந்த பிறகு நம் பிள்ளைகள் தீவுக்கும் பெருநிலத்துக்கும் தினம் போய் வருகிறார்கள். போகிற இடமெல்லாம் ஒரு பாரம் நீட்டப்படுகிறது. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற கையாக நம் கை மாற வேண்டும்.

இன்றைக்கே தொடங்குங்கள். வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னாலோ, பெட்டிக்கு அடியிலோ மடித்து வைத்த கடிதம் ஏதாவது இருக்கிறதா? எடுத்துப் பிரியுங்கள். தெரிந்த சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். தெரியாததைப் பிள்ளையிடம் கேளுங்கள். அப்படியும் விளங்காவிட்டால், நாள் கடத்தாமல் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள்; சேர்ந்து படிப்போம். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.