பழைய பதிவேடு நூலக மேசைக்கு வரட்டும்

நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் காடுகளில் உளுந்தும் கம்பும் விதைத்த மானாவாரி நிலங்களைக் காற்றாலைக்கும் சூரிய மின்நிலையத்துக்கும் கேட்டு வருகிறார்கள். விற்பனைப் பத்திரம் பதிவாகும் முன்பே தலித் மக்கள் கேட்டுவைக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதில் பஞ்சமி நிலம் எது?

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையையொட்டி 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. முதல் 10 ஆண்டுகள் அதை விற்கவே கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. 1994இல் காரணை நில மீட்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஜான் தாமஸும் ஏழுமலையும் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஆவணத்தில் எழுதியிருந்ததைத்தான் கேட்டார்கள்.

பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்பார்கள். அங்கே இருப்பது இன்றைய பதிவு. நிபந்தனை எந்தப் புல எண்ணில் இருந்தது என்பதைச் சொல்ல, யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேடு வேண்டும். அதைப் பார்க்கப் பெயரும் முகவரியும் எழுதி மனுப் போட வேண்டும். யாருடைய காட்டில் கூலிக்குப் போகிறோமோ, அவர் கைவசமுள்ள நிலத்தைப் பற்றியே மனுப் போட எத்தனை பேருக்குத் துணிவு வரும்? மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் வேலை இருக்காது.

நூலகத்தில் ‘எதற்குப் பார்க்கிறாய்?’ என்று யாரும் கேட்பதில்லை. நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவில், யாரும் கேட்காமலே தகவலை வெளியிடச் சொல்கிறது. பொதுமக்களுக்கான நூலகமோ வாசிப்பறையோ இருந்தால் அதன் நேரத்தையும் அறிவிக்கச் சொல்கிறது.

ஆகவே, ஒவ்வொரு வருவாய் கிராமத்தின் பழைய ‘அ’ பதிவேடு, பஞ்சமி நிலப் பட்டியல், கிராம வரைபடம் ஆகியவற்றின் நகல் அருகிலுள்ள கிளை நூலகத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டும். நூலகத்துக்குப் போகத் தயங்குகிற தெருக்களுக்கு, அங்குள்ள சமுதாயக் கூடத்தில் இன்னொரு நகல் வேண்டும். வெளியே கொடுத்தால் திருத்திவிடுவார்கள் என்ற அச்சம் தேவையில்லை. மூலம் தாலுகா அலுவலகத்திலேயே இருக்கட்டும். நகல் நாலு இடத்தில் இருந்தால் மூலத்தில் கைவைப்பதுதான் கடினம்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேட்போம். ஊர்க் கோரிக்கையாக வைத்தால் தனியாள் பெயர் அடிபடாது.