விவாகரத்து ஆனவர்களுக்கு உயில் எதற்கு? பிள்ளையின் சொத்து யார் கைக்குப் போகும்?

கோர்ட்டில் விவாகரத்து கிடைத்துவிட்டது. பிள்ளை தாயிடம் வளர்கிறது. "இனி என் சொத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை" என்று தாய் நிம்மதியாக இருக்கிறாள்.

அவள் நினைப்பதில் பாதிதான் சரி. மறுபாதியைத் தெரிந்துகொள்ளாவிட்டால், அவள் பாடுபட்டுச் சேர்த்த சொத்தை அவளுடைய பழைய கணவரே நிர்வகிக்கும் நிலை வரலாம்!

சொந்தச் சம்பாத்தியம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் வயல்களும் ஏரிகளும்தான் இருந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்திலும் பெரிய கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பின்னர் செல்போன் தொழிற்சாலைகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் தங்குவதற்காக வல்லம் வடகாலில் 18,720 பேருக்கு இடமுள்ள விடுதி 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்டது.

மாதச் சம்பளம், பி.எப். பணம், இன்சூரன்ஸ், தவணையில் ஒரு மனை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இன்று இவையெல்லாம் சொந்தம். சொத்து இருந்தால், "எனக்குப் பிறகு யாருக்கு?" என்ற கேள்வியும் உண்டு.

2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு வழக்கை விசாரித்த சுப்ரீம் கோர்ட்டு, பெண்கள், முக்கியமாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டது. விவாகரத்து ஆனவர்களுக்கு இந்த யோசனை மிகவும் பொருந்தும்.

கார்டியன் யார்?

1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, விவாகரத்து ஆன கணவனோ மனைவியோ வாரிசு ஆகமாட்டார்கள். உயில் இல்லாமல் தாய் இறந்தால் அவளுடைய சொத்து பிள்ளைகளுக்குச் சேரும். அதுவரை சரி.

ஆனால் பிள்ளைக்கு வயது பத்து என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு வயதாகும் வரை அது மைனர். மைனருடைய சொத்தை யாராவது கவனிக்க வேண்டும். யார் அவர்? பிள்ளையின் தந்தை! விவாகரத்து கணவன் மனைவி உறவைத்தான் முறிக்கும். தந்தை பிள்ளை உறவை அது முறிப்பதில்லை.

"என் அம்மாதான் பிள்ளைக்குக் கார்டியன்" என்று உயிலில் எழுதினால் போதாதா? போதாது. தந்தை உயிரோடு இருந்து, கார்டியனாக இருக்கும் தகுதியையும் இழக்காமல் இருந்தால், அந்த நியமனம் செல்லாது. பாட்டி கோர்ட்டுக்குப் போகலாம். பிள்ளையின் நலனையே கோர்ட்டு முதலில் பார்க்கும். ஆனால் வழக்கு முடிய நாளாகும்.

சட்டத்தில் ஒரு காவல் உண்டு. கோர்ட்டின் அனுமதி இல்லாமல் மைனரின் வீட்டையோ நிலத்தையோ கார்டியன் விற்க முடியாது. ஆனால் ரொக்கப் பணத்துக்கும் நகைக்கும் அந்தக் காவல் கிடையாது.

வழி என்ன?

சொத்தை நேராக மைனர் கையில் கொடுக்காமல், உயிலில் ஒரு டிரஸ்டியை நியமிக்கலாம். "இந்த வீட்டை என் தம்பி டிரஸ்டியாக இருந்து பராமரிக்க வேண்டும். வாடகையைப் பிள்ளையின் படிப்புக்குச் செலவிட வேண்டும். பதினெட்டு வயதானதும் பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று எழுதலாம். அப்போது சொத்து டிரஸ்டியின் பொறுப்பில் இருக்கும். கார்டியன் அதில் கைவைக்க முடியாது. தம்பிக்கு ஏதாவது நேர்ந்தால் அடுத்து யார் என்பதையும் எழுத வேண்டும்.

விவாகரத்து ஆன தந்தைக்கும் இதே யோசனைதான். மறுமணம் செய்துகொண்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயில் இல்லாவிட்டால் புதுத் துணைக்கும் சொத்தில் பங்கு உண்டு. இரண்டு மணத்துப் பிள்ளைகளுக்கும் சம பங்கு.

பழைய உயில், பழைய நாமினி

இங்கிலாந்தில் விவாகரத்து ஆனால், பழைய உயிலில் துணைக்கு எழுதிய பங்கு தானாகவே ரத்தாகிவிடும். நம் நாட்டில் அப்படி இல்லை. கல்யாணமான புதிதில் "எல்லாம் என் மனைவிக்கே" என்று எழுதிய உயில், விவாகரத்துக்குப் பிறகும் அப்படியே நிற்கும். அதை மாற்றுவது எழுதியவர் கையில்தான் இருக்கிறது.

பாங்கு, பி.எப்., இன்சூரன்ஸ் தாள்களில் நாமினி பெயரையும் உடனே மாற்ற வேண்டும். பாங்குப் பணத்துக்கு நாமினியாக இருப்பவர் அதை வாங்கிக்கொள்ளலாமே தவிர, சொந்தக்காரர் ஆகமாட்டார் என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் தீர்ப்புக் கூறியது. கம்பெனிப் பங்குகள் பற்றியும் 2023-ல் இப்படியே தீர்ப்பு வந்தது. இருந்தாலும், பழைய பெயர் கிடந்தால் பணம் முதலில் அவர் கைக்குப் போகும். பிறகு பிள்ளை வழக்காட வேண்டிவரும். இன்சூரன்சில் மைனரை நாமினியாக எழுதும்போது, பணத்தை வாங்கவேண்டியவர் பெயரையும் சேர்த்து எழுதலாம்.

உயில் எழுதுவது எப்படி?

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில், தெரிந்த மொழியில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். உயில் எழுதியவர் அவர்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அவர்களும் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். உயிலால் லாபம் அடையாதவர்களைச் சாட்சி வைப்பதே நல்லது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனாலும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு செய்தால் பின்னால் தகராறு குறையும். உயிரோடு இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

கிறிஸ்தவர்கள் மறுமணம் செய்தால் பழைய உயில் ரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும். முஸ்லிம்கள், வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத, வாரிசுகளின் சம்மதம் வேண்டும். டிரஸ்டி ஏற்பாட்டை எழுதுமுன் ஒரு வக்கீலிடம் காட்டிக்கொள்வது நல்லது.

உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உயில் எழுதுவதால் யாருக்கும் ஆயுள் குறைவதில்லை. எழுதாமல் விட்டால், தாயை இழந்த பிள்ளை கோர்ட்டு வாசலிலும் நிற்க வேண்டிவரும். விவாகரத்துத் தீர்ப்பு கைக்கு வந்த அதே மாதத்தில் உயிலையும் எழுதி, நாமினி பெயர்களையும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.