கொந்துராத்துக்காரரின் கையில் பணம்: கல்முனைக்குடியின் சுனாமி வீடுகள் சொல்லும் கணக்கு

சுனாமிக்குப் பிறகு அம்பாறைக் கரையோரத்தில் எழுந்த வீடுகள் பலவற்றுக்கு இப்போது இருபது வயது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்று எந்த ஊரின் கடற்கரைப் பக்க ஒழுங்கைக்குள் போனாலும் மணல் குவியலும் சீமெந்துக் கல் அடுக்கும் கண்ணில் படும். புது வீடு அல்ல, பழைய வீட்டைத் திருத்தும் வேலை.

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று உப்புக் காற்று. கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கி, தட்டின் அடிப்பக்கம் வெடித்து உதிர்கிறது. மற்றது கலியாணம். மகளுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்க வேண்டும் என்பது கிழக்குக் கரையின் நீண்ட வழக்கம். வளவு பிரிக்க இடமில்லாத கல்முனைக்குடியில் அந்த வீடு மேலேதான் எழும்ப வேண்டும். கீழே இருக்கும் அத்திவாரமோ ஏறத்தாழ 500 சதுர அடிக்கு, ஒரு தட்டுக்கு மட்டும் போடப்பட்டது.

ஆகவே "நம்பி வேலை கொடுக்கக்கூடிய ஆள் யார்?" என்பது இங்கே பெரிய கேள்வி. வழக்கமான பதில்களும் இருக்கின்றன: மச்சானின் கூட்டாளி, காக்காவின் வீட்டைக் கட்டியவர், பள்ளியில் முன்வரிசையில் தொழுபவர். இவை எல்லாம் ஆளின் குணத்தைப் பற்றியவை. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த வீட்டுத்திட்டங்களைத் திரும்பிப் பார்த்தால், குணத்தைவிடப் பெரிய விடயம் ஒன்று தெரிகிறது. வேலையைப் பார்ப்பவரும் பணத்தை வைத்திருப்பவரும் ஒரே ஆளா, இல்லையா?

2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களை இழந்தது. 2005இல் அரசாங்கம் இரண்டு வழிகளை வைத்தது. கடலோரத் தடை எல்லைக்கு வெளியே வீட்டை இழந்தவருக்குப் பணம்: முழுச் சேதத்துக்கு 250,000 ரூபா நான்கு தவணைகளில், பகுதிச் சேதத்துக்கு 100,000 ரூபா இரண்டு தவணைகளில். முந்தைய கட்டம் முடிந்ததை அதிகாரி வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை. எல்லைக்கு உள்ளே இருந்தவருக்கு வேறு இடத்தில், நன்கொடை நிறுவனம் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டிக் கொடுக்கும் வீடு. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றராக இருந்த அந்த எல்லை வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் தளர்த்தப்பட்டாலும், மருதமுனையின் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் இன்னும் அந்தக் காலத்தைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது.

இரண்டாவது வழியில் கட்டப்பட்ட வீடுகளைப் பற்றிய முறைப்பாடுகள் நமக்குப் பழக்கமானவை. கூரை ஒழுக்கு, வெடித்த சுவர், தண்ணீர் போகாத குளியலறை. ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் கள்ளர் என்பதல்ல காரணம். அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்த நிதியாளருக்கு. அந்த வீட்டில் மழை நாளில் படுக்கப் போகும் ராத்தாவின் கையில் ஒரு சதமும் இல்லை.

இந்திய வீட்டுத்திட்டத்திலும் இதே பாடம். 50,000 வீடுகளில் முன்னோடியாக 1,000 வீடுகளைக் கட்டுமானக் கம்பனிகள் கட்டின. 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா, தவணைகளாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போனது. அதிலும் குறைகள் இருந்தன. தொகை போதாமல் நகையை அடகு வைத்தவர்கள் பலர். கணவரை இழந்த பெண்கள் மேசனையும் மணலையும் தேடி அலைந்தார்கள். ஆனாலும் சுவர் கோணலாக எழும்பினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் வீட்டுக்காரியிடம் இருந்தது. 2016இல் வந்த ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தின் 65,000 இரும்பு வீட்டுத் திட்டத்தில் அதுகூட இல்லை. வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதில் ஏறத்தாழ பாதிச் செலவில் கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளர்கள் கணக்குக் காட்டினார்கள், மக்களும் எதிர்த்தார்கள், திட்டம் நின்றுபோனது.

இனி இன்றைய கல்முனைக்குடிக்கு வருவோம். கணவர் கட்டாரில் அல்லது சவூதியில். கொந்துராத்துக்காரரோடு அவர் வட்ஸ்அப்பில் பேசி, பாதித் தொகையை முற்பணமாக அவருடைய கணக்குக்கே நேரே போட்டுவிடுகிறார். வீட்டில் நின்று வேலையைப் பார்க்கும் மனைவியிடம் பணமும் இல்லை, பேசிய கணக்கும் இல்லை. வேலை இழுபட்டால் "உங்கட அவரோட பேசிட்டன்" என்ற பதில்தான். சுனாமிக் காலத்து நன்கொடை நிறுவனத்தின் இடத்தில் இப்போது கணவர் நிற்கிறார், அவ்வளவுதான். தவணையைக் கொடுப்பவர் மனைவியாக இருந்தால் இந்தக் கதையில் பாதி மாறும். வாப்பாவோ மாமாவோ பக்கத்தில் நிற்கட்டும், பணம் அவர் கையால் போகட்டும்.

முற்பணம் முதற்கட்டப் பொருட்களுக்குப் போதுமான அளவைத் தாண்டக் கூடாது. மீதியை அத்திவாரம், லின்டல், தட்டு, பூச்சு என்று கட்டத்துக்குக் கட்டம் கொடுக்கலாம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கச் சொன்னால், "நமக்குள்ள எழுத்து எதுக்கு?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்தலாம்.

எழுதாமல் விட்டதால் கொந்துராத்துக்காரர்களும் அழிந்திருக்கிறார்கள். 2021 நடுப்பகுதியில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை ஒரு வருடத்துக்குள் மூவாயிரத்தை எட்டியது. பொருளோடு சேர்த்து ஒரே விலை பேசியவர்களுக்கு, வேலையைப் பாதியில் விடுவதா, சொந்தப் பணத்தைக் கொட்டுவதா என்ற நிலை. பாதியில் விட்டவர் எல்லோரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. திருத்த வேலையைப் பொறுத்தவரை கூலிக்கு மட்டும் கொந்துராத்து பேசி, பொருளை வீட்டுக்காரரே வாங்குவது நல்லது என்பது என் எண்ணம். அலைச்சல் கூடும், ஹார்ட்வெயார் கடையில் பேரம் பேச வேண்டும். ஆனால் எத்தனை பை சீமெந்து வேலைக்குப் போனது என்பது நமக்குத் தெரியும். மணலையும் கண்ணால் பார்க்கலாம். கடற்கரை மணலைக் கலந்தால் அதன் உப்பு கம்பியை உள்ளிருந்தே தின்னும்.

ஆளைச் சோதிக்க ஒரு வழி, வெடித்த தட்டைக் காட்டி என்ன செய்வீர்கள் என்று கேட்பது. "மேலால பூசி விடுவம்" என்றால் அடுத்தவரைத் தேடுங்கள். உதிரும் கொங்கிறீட்டை உடைத்தெடுத்து, கம்பியைச் சுரண்டித் துருவைப் போக்கி, மெலிந்திருந்தால் புதுக்கம்பி கட்டி, அதற்குப் பிறகே மூட வேண்டும். மேல்வீடு கேட்டால், அத்திவாரத்தின் மூலையில் குழி தோண்டிப் பார்க்காமல் விலை சொல்பவரும் வேண்டாம். அந்தக் குழியை ஒரு பொறியியலாளர் பார்க்கட்டும். மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அவருடைய கட்டணம் சிறியது.

சட்டத்தின் துணை குறைவுதான். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை ஒப்பந்தக்காரர்களைத் தரப்படுத்திப் பதிவு செய்கிறது. ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளில் வரும் பாஸ் பெரும்பாலும் அந்தப் பதிவுக்குள் இல்லை. மத்தியஸ்த சபைக்குப் போகலாம், எழுதிய தாள் இருந்தால் அங்கே பேச்சு சுருக்கமாக முடியும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், ஆனால் எழுத்து மூல முறைப்பாட்டைச் சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நம் ஊர்க் காலநிலைக்கு இந்த மூன்று மாதம் போதவே போதாது. வெளிநாட்டிலிருந்து லீவில் வருபவர்கள் வெயில் காலத்தில் வேலையை முடித்துவிட்டுப் போகிறார்கள். தட்டு ஒழுகுமா என்பது நவம்பரில் வாடைக்காற்று மழை தொடங்கும்போதுதான் தெரியும். அரசாங்க ஒப்பந்தங்களில் தொகையின் ஒரு பகுதியை மறித்து வைத்து, குறை திருத்தும் காலம் முடிந்த பிறகே கொடுப்பார்கள். அதே ஏற்பாட்டை நமது தாளிலும் எழுதலாம்: நூற்றுக்கு ஐந்தோ பத்தோ, ஜனவரி மழை ஓய்ந்த பிறகு. முதல் நாளிலேயே இதைச் சொன்னால், தன் வேலையில் நம்பிக்கை உள்ள மேசன் விலையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டுவிட்டாவது ஒத்துக்கொள்வார்.